ஓடாமல் இருக்கச் சொன்ன பொய்

எங்கள் கல்லூரியில் உடற்கல்வி வகுப்பு புதனும் வெள்ளியும் காலையில். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய செம்மண் மைதானம். மழை பெய்தால் செருப்பு கழன்று சேற்றோடு போய்விடும். உடற்கல்வி சார் கட்டளை போடுவது இங்கிலீஷில், ஏசுவது மலையாளத்தில், ஆறுதல் சொல்வது தமிழில். அவர் தமிழில் பேச ஆரம்பித்தால் யாரோ விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

எனக்கு ஓட்டம் என்றாலே ஆகாது. குண்டு உடம்பு. பள்ளியில் ஒருமுறை நான் ஓடியபோது எழுந்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சிரித்தவர்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. அதனால் முதல் வகுப்பில் மைதானத்தை நாலு சுற்று ஓட வேண்டும் என்றதுமே சாரிடம் போய், "எனக்கு மூச்சுமுட்டு உண்டு சார்" என்று அளந்துவிட்டேன். டாக்டர் சீட்டு கேட்பார் என்று உள்ளுக்குள் உதறல். அவர் கேட்கவில்லை.

"ஐயோ, செரி மக்கா. நீ ஓடாண்டாம்" என்றார், தமிழில்.

அன்றிலிருந்து மைதானத்து ஆஞ்சிலி மரத்தடி என் ராஜ்ஜியம். தோழிகளின் பைகளுக்குக் காவல் இருப்பேன். அவர்கள் நாக்குத் தள்ள ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கேன்டீனில் வாங்கிய நேந்திரம்பழப் பஜ்ஜியை, எங்கள் ஊர்ப் பழம்பொரியைத் தின்பேன். மனசாட்சி ஒன்றும் உறுத்தவில்லை.

ஆனால் சார் எங்கள் சபைக்காரர் என்பதை யோசிக்காமல் விட்டேன். எங்கள் சபையில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்துவிட்டால் சும்மா விடமாட்டார்கள்; ஞாயிறு ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபிப்பார்கள். அந்த வாரம் போதகர் வாசித்த பட்டியலில், ஒருவரின் முழங்கால் வலிக்கும் இன்னொருவரின் கண் ஆபரேஷனுக்கும் அடுத்து, என் பெயரும் என் மூச்சுமுட்டும் வந்தன. இரண்டு பெஞ்சு தள்ளி சார் தலையைக் குனிந்து உருகிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அழுதாள். "அம்ம வெசனப்படுவேன்னு நெனச்சு மறச்சியா மக்கா?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் என்னை அவ்வளவு நல்லவள் என்று நினைத்தது எனக்குப் பிடித்துப் போயிற்று. வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் நடந்தது.

அப்பா கல்ஃபில். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அடுத்த நாளே எனக்குத் துடைப்பம் விலக்கு, கிணற்று வாளி விலக்கு. ஆடலோடகம் என்கிற ஆடாதொடை இலையை வாட்டிப் பிழிந்த சாறு காலையில் ஒரு டம்ளர். கசப்பு மத்தியானம் வரை நாக்கில் நிற்கும். பக்கத்து வீட்டுச் சேச்சி அம்பலத்தில், அவர்கள் கோயிலில், எனக்காக வழிபாடு நடத்த நட்சத்திரம் கேட்டாள். எங்களுக்கு எங்கே நட்சத்திரம் தெரியும்? நான் பிறந்த தேதியைக் கேட்டு, போனில் பார்த்து, அவளே ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு மதத்துக் கடவுள்களும் என் பழம்பொரிக்காக உழைத்தார்கள்.

அந்த மாதம் சபைப் பெண்கள் ஊட்டிக்குச் சுற்றுலா போவதாக இருந்தது. அம்மா திருவனந்தபுரத்துக்கு அப்பால் போனதே கிடையாது. நெய்யாற்றின்கரையில் ஒரு நீல ஸ்வெட்டர் வாங்கி, இந்தப் புழுக்கத்தில் அடுக்களையில் போட்டுப் பார்த்து, வேர்த்து விறுவிறுத்துச் சிரித்தவள். புறப்படுவதற்கு நாலு நாள் முன்னால், சனிக்கிழமை, அந்த ஸ்வெட்டரை என் கட்டிலில் கொண்டு வைத்தாள்.

"நீ இத இட்டுட்டு காலேஜுக்குப் போ. நெஞ்சில ஈரக்காத்து தட்டப்பிடாது. நான் போகல்ல. உன்ன இப்பிடி விட்டுட்டு எப்பிடிப் போவேன்?"

"அம்மா, ஊட்டிக்கு..."

"ஊட்டி அங்கயே கெடக்கும். எனக்கு நீதான் முக்கியமாக்கும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன்: நோய் இல்லை, ஓடப் பயம், சிரிப்பார்கள் என்ற பயம். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஆடலோடகச் சாற்றை எடுத்துப் போய் வாழையடியில் ஊற்றிவிட்டு வந்தாள். "எத்தன பேரு உனக்காக முட்டுகுத்தி ஜெபிச்சாவ" என்றாள். பிறகு துடைப்பத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

மறுநாள் ஆராதனையில் நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்திருக்கலாம் என்று போதகர் சொன்னதும் அம்மா எழுந்தாள். பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்காக என் வயதை ஒரு மாதம்கூடக் குறைத்துச் சொல்லாதவள் அவள். எல்லார் முன்னாலும் என் மானம் போகப்போகிறது என்று தரையைப் பார்த்தேன்.

"எனக்க மவளுக்காக எல்லாரும் ஜெபிச்சிய. அவளுக்கு சொகமாச்சு. இனி மூச்சுமுட்டு இல்ல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

சபை முழுக்க "ஆமென்" என்றது. சார் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. அம்மா உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். எனக்காக என் அம்மா சபையில் நின்று பொய் சொல்லிவிட்டாள். அவளை அன்றைக்கு நேசித்த அளவு நான் அதற்கு முன் நேசித்ததில்லை.

பாட்டு தொடங்கியதும் என் காதருகே குனிந்தாள். "புதன்கிழமத் தொட்டு நீ ஓடணும், கேட்டியா? நான் சபையில சொன்னது பொய்யாப் போகப்பிடாது."

புதன்கிழமை விடியற்காலை ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அம்மா ஊட்டிக்குப் புறப்பட்டாள். காலை வகுப்பில் நான் ஓடினேன். இரண்டாவது சுற்றில் எனக்கு நிஜமாகவே மூச்சு முட்டியது, பின்னால் யாரோ சிரிக்கவும் செய்தார்கள். நடந்துவிடலாமா என்று தோன்றியது. நடக்கவில்லை.