எத்தியோப்பியக் குலவையும் என் மைக் செட்டும்

மைக் செட்டுத் தொழில் இருக்கே, பாட்டு நல்லா கேட்டா பாடினவங்களுக்குப் பேரு, மைக் ஊளையிட்டா நமக்குத் திட்டு. ஸ்பீக்கர் தூக்கித் தோள் காய்ச்சுப்போன கூட்டாளிங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

தரையில வெச்ச மைக்

திருத்தணிக்குப் பக்கத்துக் காலேஜ்ல, எத்தியோப்பியாவுலேர்ந்து வந்து படிக்கற பிள்ளைங்களோட ஆட்டம். ஆர்.கே.பேட்டைத் தறித்துணியில தெச்ச கரை வெச்ச வெள்ளைக் கவுன். ஒரு பையன் மடியில மசின்கோன்னு ஒத்தைக் கம்பி வாத்தியம், கூடவே லேப்டாப்புல புது பீட்டு. நாட்டியம்னா சலங்கைதானேன்னு நான் மேடை முழுக்க தரையில மைக்கைப் படுக்க வெச்சேன்.

ஆட்டம் ஆரம்பிச்சுது. ஐயோ, காலு நகரவே இல்ல! தோளு குலுங்குது, கழுத்து வெட்டி வெட்டித் திரும்புது. என் மைக்கெல்லாம் சும்மா படுத்துக் கெடந்துச்சு. லைட்டு பார்க்கற எங்கக்கா புருஷன், எங்க பாவா, காதுல சொன்னாரு: "மச்சான், நீ மைக்கைத் தோள்லதான் கட்டியிருக்கணும்!"

நான் அடக்கின ஊளை

அதே மேடை. ஆட்டம் சூடு ஏறிகினு வர்றப்போ வீல்னு ஒரு சத்தம். மைக் ஊளைதான்னு கை தானா போய் சவுண்டைக் குறைச்சுடுச்சு. திரும்பவும் வந்துச்சு, திரும்பவும் குறைச்சேன். பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்குது. ஆட்டமே உப்புச் சப்பில்லாம எறங்கிப் போச்சு.

கடைசி வருஷம் படிக்கற ஹிருத்னு ஒரு பொண்ணு, வாடின முகத்தோட கீழ வந்தா. அது மைக் இல்லையாம், அவ போட்ட குலவையாம். ஊர்ல அவங்கம்மாதான் போடுவாங்களாம், அதைக் கேட்டாத்தான் தோளு வேகம் பிடிக்குமாம். அடுத்த வாரம் அவளுக்குக் கடைசி ஆட்டம். வர்றேன்னு சொன்ன அம்மாவுக்குக் கால் முடியல, அதனால போன்லயே குலவை போடப் போறாங்க. எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அண்ணா, எங்கம்மா சத்தம் மட்டும் குறைக்காதீங்க."

கடைசி ஆட்டம்

மலையடிவாரத்துல ஒரு கல்யாண மண்டபம். ஹிருத் போனை என் மைக் முன்னால வெச்சா. அம்மா குலவை போட்டாங்க. கொசு முனகற மாதிரிதான் கேட்டுச்சு. பிள்ளைங்க தோளு அசையாம காத்துகினு நிக்குது. சவுண்டை ஏத்தினேன். அம்மா குரல் எழும்புச்சு, கூடவே நெஜ ஊளையும் கெளம்பிடுச்சு! "குறைய்யா, காது கிழியுது"ன்னு கூட்டம் கத்துது. குறைச்சா ஊளை போவும், அம்மாவும் போவாங்க. என் பேரு கெட்டாலும் கெட்டுப் போவட்டும்னு கையை எடுத்துட்டேன். ரெண்டு சத்தமும் சேர்ந்து மண்டபத்தை ரொப்புச்சு. அத்தனை தோளும் ஒண்ணா கெளம்புச்சு பாருங்க, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

முடிஞ்சதும் ஹிருத் போனைக் காதுல வெச்சுகினே, சிரிச்சுகினும் அழுதுகினும் ஓடியாந்தா. "அண்ணா, அம்மா கேக்கறாங்க, அவங்ககூட சேர்ந்து குலவை போட்ட இந்த ஊர் அம்மா யாரு?"

இத்தனை வருஷமா தலையில தட்டித் தட்டி நான் அடக்கிகினு வந்த ஊளையை, எங்கியோ இருக்கற ஒரு தாயி உறவு கொண்டாடிட்டா.