தம்பிக்கு ரெண்டு படி தவிடு: பதுளைக்குப் போய்க் குழந்தையோடு திரும்பிய கதை

சென்ற ஆகஸ்டில் மெல்போர்னிலிருந்து மூன்று பேராகக் கிளம்பினோம், செப்டம்பர் கடைசியில் நான்கு பேராகத் திரும்பினோம். நான், என் வீட்டுக்காரர் செந்தில், எட்டு வயது மகள் யாழினி. நாலாவது ஆள் பத்து மாதப் பையன். தத்தெடுக்க விண்ணப்பித்து ஐந்து வருடம் காத்திருந்த பிறகு, இலங்கை மலையகத்துப் பதுளையில் ஒரு குழந்தை இருப்பதாக அழைப்பு வந்தது. இதே காரியமாக இலங்கை போகிறவர்களுக்குத் தமிழில் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. தேடித் தேடிக் கண் பூத்துப் போனவள் நான், அதனால் எழுதுகிறேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து பதுளைக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 250 கிலோமீட்டர். வேன் வாடகை நாற்பத்தைந்தாயிரம் இலங்கை ரூபாய். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மதியம் இரண்டுக்குச் சேர்ந்தோம். ரயில் அழகுதான், ஆசை இருந்தால் போகும்போது ஏறிக்கொள்ளுங்கள். திரும்பும்போது கைக்குழந்தையோடு வேண்டவே வேண்டாம்.

ஓட்டுநர் நிசாம் பதுளைக்காரர். பண்டாரவளையில் பால் விடாத பிளேன்டீ குடிக்க நிறுத்தியபோது கேட்டார், "டூர் வாற எல்லாரும் எல்ல டவுன்லயே எறங்கிருவாங்களே மிஸ், நீங்க எதுக்குப் பதுளைக்கு வாறீங்க?"

"குழந்தை எடுக்க வந்திருக்கோம்" என்றேன்.

"மாஷா அல்லாஹ்! அப்ப திரும்பிப் போகக்குள்ள இன்னும் மெதுவா ஓட்டணும்" என்றார். ஏற்கெனவே மாட்டு வண்டி வேகம். இதற்கு மேல் மெதுவா என்று செந்தில் என் காதைக் கடித்தார்.

குழந்தை வளர்ந்த இல்லத்தில் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை குழந்தையைப் பார்க்கலாம். முதல் நாள் பையன் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக் கடித்துப் பார்த்தான். செந்திலைப் பார்த்து வீறிட்டான். யாழினி பொய்யாக ஒரு தும்மல் போட்டாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! அன்றைக்கு எத்தனை தும்மல் போட்டாளோ. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஆனால் நீதிமன்றத்தில் உத்தரவு கிடைக்கும்வரை அவன் எங்கள் பிள்ளை இல்லை. நாள்தோறும் பதினொரு மணிக்கு அவனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவது இருக்கிறதே, அந்தக் கொடுமையை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

அவன் எந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தான் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவன் பெரியவனாகிச் சொல்லிக்கொள்ள வேண்டிய கதை.

மதியங்களில் நிசாமின் வேனில் சுற்றினோம். எல்ல ஊர் இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்குள்ள பேர்பெற்ற ரயில் பாலத்தைப் பார்க்கலாம், காபி விலையைக் கேட்கக் கூடாது. எனக்குப் பிடித்தது நமுனுகுலப் பக்கம். கொழுந்து பறித்துவிட்டு லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அக்கா, நாங்கள் வந்த காரியம் தெரிந்ததும் நின்று விசாரித்தார்.

"புள்ள யாரு சாடைங்க?"

"எங்க சாடை இல்லைங்கக்கா."

"அது வளக்க வளக்க வந்துரும்ங்க" என்று யாழினியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். அன்று முழுக்கச் செந்தில் கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி நீதிமன்றம். தத்து வழக்கை நீதிபதியின் அறையிலேயே விசாரித்தார்கள். நீதிபதி சிங்களத்தில் பேசும் அம்மா. மொழிபெயர்க்க ஒரு பெண், தோட்டத்துத் தமிழ். எங்கள் வக்கீலான சட்டத்தரணி, குழந்தைகள் நலன் பார்க்கும் நன்னடத்தை அதிகாரி, நாங்கள் மூவர். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. நீதிபதி கேட்க வேண்டிய கட்டாயக் கேள்வி ஒன்று உண்டு: இந்தக் குழந்தைக்காக யாருக்காவது பணமோ பொருளோ கொடுத்தீர்களா? ஒரு காலத்தில் அந்த நாட்டில் குழந்தைகளை விற்றுக் காசு பார்த்த கும்பல்கள் இருந்ததால் இதில் மிகவும் கறாராக இருக்கிறார்கள்.

"இல்லை" என்றோம் இருவரும்.

"இன்னும் கொடுக்கலை. இந்தா இருக்கு" என்றாள் யாழினி. முதுகுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீதிபதியின் மேசையில் வைத்தாள். ஓரம் கிழிந்து கொஞ்சம் சிந்தியது. தவிடு!

செந்திலைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். பார்க்க மாட்டாரா பின்னே! மகள் அடம்பிடிக்கும்போதெல்லாம் "உன்னை நாலு படி தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று கேலி செய்வது இந்த மனிதர்தான். நம் வீடுகளில் யார்தான் சொல்லவில்லை? அவள் அதை அப்படியே நம்பியிருக்கிறாள். முந்தின நாள் ஐஸ்கிரீம் வாங்கப் போனபோது நிசாமிடம் தவிடு கேட்டு வாங்கியிருக்கிறாள். அவர் பாவம், பிள்ளை ஏதோ மாட்டுக்குப் போட ஆசைப்படுகிறது என்று நினைத்துவிட்டார்.

"யார் உனக்குச் சொன்னது?" என்று நீதிபதி கேட்டதை அந்தப் பெண் மொழிபெயர்த்தார்.

"அப்பா. எனக்கு நாலு படி. தம்பி குட்டியாத்தானே இருக்கான், ரெண்டு படி போதும்."

சட்டத்தரணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் நீதிபதியிடம் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரம் என் எதிரிக்கும் வரக் கூடாது. ஐந்து வருடமும் இந்த ஒரு கேலியில் போய்விட்டதே! "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தீங்களா?" என்று செந்திலை ஒரு பிடி பிடித்தேன். "உன்னை நான்தாண்டி ஆஸ்பத்திரில பெத்தேன், தவிடெல்லாம் பொய்" என்று யாழினியிடம் சொன்னேன். அவள் நம்பாமல் பார்த்தாள்.

மறுபடி உள்ளே கூப்பிட்டபோது மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுலயும் என்னையத் தவிட்டுக்குத்தான் வாங்குனாங்கனு ஜட்ஜம்மாகிட்ட சொல்லிட்டேங்க. மொதப் புள்ளைங்க தங்காத வீட்டுல, பொறந்த புள்ளைய அடுத்த வீட்டுக்குக் கொடுத்துட்டு, தவிடு கொடுத்துத் திருப்பி வாங்குவாங்க, ஆயுசுக்காகனு வெளக்கமும் சொன்னேங்க" என்றார்.

நீதிபதி யாழினியை அருகில் அழைத்தார். இங்கே எந்தப் பிள்ளைக்கும் விலை கிடையாது, தவிட்டை எடுத்துக்கொள், தம்பியைச் சும்மாதான் தர முடியும் என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். அறையிலேயே ஓவென்று அழுதேன். வெட்கமே படவில்லை.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். பதுளை டவுனில் வெயில், பண்டாரவளைப் பக்கம் சாயங்காலமே குளிரும், இரண்டுக்கும் துணி வேண்டும். சமையலறை உள்ள தங்குமிடமாகப் பாருங்கள், எங்களுக்கு ஒரு நாளைக்கு எட்டாயிரம் ரூபாய் ஆனது. இல்லத்தில் கொடுக்கும் அதே பால்மாவையே வாங்குங்கள். உத்தரவுக்குப் பிறகு கடவுச்சீட்டு, விசா வேலைக்குக் கொழும்பில் இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் அதனிடமும் உட்கார்ந்து பேசுங்கள். நாங்கள் தத்துப் பிள்ளைக்கு உண்மையை எப்படிச் சொல்வது என்று வகுப்புக்கெல்லாம் போனோம், இவளை மறந்துவிட்டோம்.

கொழும்புக்குத் திரும்பும் வழியில் தம்பி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். யாழினி அவன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்மா. உன்னைத் தேடி பிளேன்ல வந்தோம், வேன்ல வந்தோம், ஜட்ஜ்கிட்டயே போய்க் கேட்டு வாங்கினோம்னு."

"சொல்லுடா கண்ணு."

அவன் விரல்களைத் திரும்ப மூடிவிட்டாள். பிறகு, "என்னையத்தான் ஆஸ்பத்திரில இருந்து சும்மா எடுத்துட்டு வந்துட்டீங்க" என்றாள்.

தம்பியைச் செந்திலிடம் கொடுத்துவிட்டு அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.