காற்று வெளியேறும் யன்னல்

என் கணவருக்கு இருமல் விடாததால் எங்கள் தீவு ஆஸ்பத்திரியில் தங்கவைத்து மறித்துவிட்டார்கள். சயரோகமோ என்று சளியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். தனி அறை இல்லை. நோயாளர் எல்லாரும் படுத்திருந்த நீண்ட வாட்டின் வடக்குக் கோடியில், பெரிய யன்னலோடு ஒட்டிய கட்டிலைக் கொடுத்தார்கள். காற்று வீசியடித்தது. இருமல்காரனை இப்படியா கிடத்துவது என்ற எரிச்சலில் யன்னலைப் படாரென்று சாத்தினேன். எங்கள் வீடுகளில் யாரும் இருமினால் முதலில் சாத்துவது யன்னலைத்தான்.

பொறுப்புத் தாதி வந்து திறந்துவிட்டார். "சாத்தாதேங்கோ அக்கா. இப்ப சோளகக் காத்து. தெற்கு யன்னலாலை வாற காத்து எல்லாரையும் தாண்டி வந்து, கடைசியா இவரின்ரை இருமலை வெளியாலை கொண்டு போகுது. சாத்தினா அது மற்றக் கட்டிலுகளுக்குத்தான் போகும்."

"வாடை தொடங்கினா என்ன செய்வியள்?" நானும் விடவில்லை.

"இவரை அந்தக் கோடிக்கு மாத்துவம்."

வாய்ப்பேச்சு என்றுதான் நினைத்தேன். சில நாளில் காற்றுத் திரும்பியது. காலையில் தேத்தண்ணியோடு போனால், கட்டில் தெற்குக் கோடியில் இருந்தது. பார்க்க வருவோரின் கதிரையைக்கூட அந்தத் தாதி காற்று வரும் பக்கமாக மாற்றிப் போட்டிருந்தார். அந்த மனுசியை மனதுக்குள் கும்பிட்டேன்.

சயரோகம் இல்லையென்று முடிவு வந்தது. என் கணவர் கடற்றொழிலாளி. யார் சொல்லும் கேளாதவர். இப்போது வீட்டில் இருமல் முட்டினால், வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துப் பூவரசின் இலை அசைவதைப் பார்க்கிறார்.

"எழும்பி இங்காலை வந்து இரும். காத்து உம்மட பக்கம் போகுது."

நான் மாறி இருந்த பிறகுதான் இருமுகிறார்.