மாமா குரலில் ஒரு லீவும் சில வைஃபை கார்டுகளும்

கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண வருகிறவர்கள் ப்ராசசரைப் பற்றி அரை நாள் பேசுவார்கள்; வைஃபை கார்டைப் பற்றி மட்டும் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்கள். "வைஃபை, ப்ளூடூத்தெல்லாம் உள்ளயே இருக்குமில்லீங்க?"

இருக்காது. பாதிப் போர்டுகளில் இருக்காது. தனியாகக் கார்டு வாங்கி மாட்ட வேண்டும். எந்தக் கார்டு எந்தப் போர்டில் உட்காரும் என்பதில்தான் காந்திபுரத்தில் என் மாமா கடையின் பாதிப் பிழைப்பு ஓடுகிறது. ப்ளஸ் டூ பரீட்சை முடிந்ததும் அம்மா என்னை அங்கே தள்ளிவிட்டாள். வீட்டில் இருந்தால் வருகிற சொந்தக்காரர்கள் மாதிரியெல்லாம் பேசிக் காட்டி மானத்தை வாங்குகிறேனாம். கடைக்குப் போனால் திருந்துவேன் என்று நினைத்தாள். கடையில் எனக்கு இன்னும் நிறையக் குரல்கள் கிடைத்தன.

வைஃபை வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே கிழவனாகிக்கொண்டிருக்கும் என் இனமே, இந்தக் கதையின் கடைசியில் நீங்கள் சிரிப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே சிரிக்கவிட மாட்டேன். கனெக்ட் ஆகும்வரை காத்திருந்து பழகியவர்கள்தானே, கொஞ்சம் பொறுங்கள்.

ஒயர் இல்லாததற்கு ஒரு ஒயர்

எங்கள் கடை ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் கல்லாவில் மாமா. நடுவில் ஓட்டை விழுந்த ஒரு பிளைவுட் தடுப்பு. அதற்குப் பின்னால் கம்ப்யூட்டர் மாட்டுகிற கதிரண்ணன், அவருடைய பெஞ்சு, திறந்து கிடக்கிற கேபினெட்டுகள். மாமாவுக்கு உடம்பு கனம், எழுந்து நடக்கப் பிடிக்காது. "கதிரூ" என்று அவர் போடும் சத்தத்தில் கஸ்டமர்கள் கையில் இருக்கும் மவுஸைக் கீழே போடுவார்கள். அதனால் கதிரண்ணன் பெஞ்சில் இருக்கும் கம்ப்யூட்டரில் நல்லதாக ஒரு வைஃபை ப்ளூடூத் கார்டு மாட்டச் சொல்லி, மாமா தன் காதில் ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். மாமா முன்னால் பேசினால் பெஞ்சு ஸ்பீக்கரில் கேட்கும். கதிரண்ணன் பெஞ்சு மைக்கில் பேசினால் மாமா காதில் கேட்கும்.

முதல் நாள் வைஃபை வந்தது, ப்ளூடூத் வரவில்லை. கதிரண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். கார்டிலிருந்து போர்டுக்கு ஒரு சின்ன ஒயர் போக வேண்டும், ப்ளூடூத்துக்கு அதுதான் உயிர். அதைச் செருகாமல் விட்டிருந்தோம். மாமாவிடம் நின்று விளக்கினார். மாமா ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், கதிரண்ணனைப் பார்த்தார்.

"ஒயரில்லாமப் பேசறதுக்குத்தானப்பா இத்தனையும் வாங்கினேன், அதுக்கும் ஒரு ஒயருங்கறயே."

மொதலாளிக்கு வேர்க்குது

மாமா சாப்பிடப் போகும்போது ஹெட்செட்டைக் காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். இதைப் பார்த்த பிறகும் என்னால் சும்மா இருக்க முடியும் என்று நினைக்கிறவர்கள் என் அம்மாவைக் கேட்டுக்கொள்ளலாம்.

மாமா குரல் சுலபம். முதலில் தொண்டையைச் செரும வேண்டும், கடைசியில் "என்ன நாஞ்சொல்றது" போட வேண்டும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பிளைவுட் தடுப்பை ஒட்டி நின்றேன். கல்லாவிலிருந்தே பேசலாம், ஆனால் கதிரண்ணன் என்ன செய்கிறார் என்று ஓட்டை வழியாகப் பார்க்காவிட்டால் அப்புறம் எதற்கு இந்தப் பிழைப்பு. மெதுவாகத்தான் பேசினேன், ஸ்பீக்கர் சத்தத்தில் என் சத்தம் அமுங்கிவிடும். "ஆங்… கதிரு. நெம்பப் புழுக்கமா இருக்குது. அந்த ஃபேனக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு, என்ன நாஞ்சொல்றது."

கதிரண்ணன் எழுந்தார். "சரிங்க மொதலாளி" என்றார். ஃபேனை அப்படியே ஸ்பீக்கர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வேர்க்க வேர்க்க வேலையைத் தொடர்ந்தார். நான் ஒன்றும் தெரியாதவன் போல உள்ளே போய், எதற்கு ஃபேன் அந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"மொதலாளிக்கு வேர்க்குதாம் தம்பி, பாவம்."

இல்லை, சிரிக்க வேண்டியது இது இல்லை. இன்னும் இருக்கிறது.

மாப்பிள்ளை மட்டும் வந்த கல்யாணம்

சூலூரிலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார். மகளுக்கு வீட்டிலிருந்தே வேலையாம், வெள்ளிக்கிழமை சேர வேண்டுமாம், எங்களிடம் வாங்கிய கம்ப்யூட்டரில் வைஃபை இல்லையாம். அதனால் போனில் பார்த்து, நட்சத்திரம் நிறைய இருந்த ஒரு கார்டை அவரே வாங்கிவிட்டார். மஞ்சள் பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தபோது கதிரண்ணன் முகம் சுருங்கியது. தீப்பெட்டிச் சீட்டு அளவு கார்டு. அது தனியாக வேலை செய்கிற ரகம் இல்லை. பாதி வேலையைத்தான் அது செய்யும், மீதிப் பாதியை ப்ராசசர் செய்ய வேண்டும். அதற்கென்று செய்த போர்டில்தான் அது பேசும். இவருடையது வேறு கம்பெனிப் போர்டு. செருகினால் உட்காரும், ஆனால் வாய் திறக்காது.

கதிரண்ணனுக்கு இதைச் சொல்ல மனசு வரவில்லை. "அது வந்துங்க… கார்டு நல்ல கார்டுங்க… போர்டும் நல்ல போர்டுதானுங்க…" என்று இழுத்துக்கொண்டே இருந்தார். கதிரண்ணன் பேச்சு எப்போதும் அப்படித்தான். பாதி வாக்கியம் வெளியே வரும், பாதி உள்ளேயே தங்கிவிடும். கடைசியில் நானே புகுந்து விளக்கினேன். நீளமான ஸ்லாட்டில் செருகுகிற வேறு கார்டு வரவழைத்துத் தருகிறோம், வியாழக்கிழமைக்குள் வந்துவிடும் என்றேன். தறிக்காரர் தன் கார்டை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப மாப்பிள்ளை வந்து உக்காந்துட்டாரு, பொண்ணு ஊட்டுலதான் ஆளில்லைங்கறீங்க."

பீரோவில் பத்திரமாக

இது சின்னது. அவிநாசியிலிருந்து ஒரு அம்மணி போன் செய்தார். புதுக் கம்ப்யூட்டரில் கார்டெல்லாம் நாங்கள் மாட்டிக் கொடுத்ததுதான், ஆனால் மோடத்துக்குப் பக்கத்தில் தூக்கி வைத்தால்தான் வைஃபை வருகிறதாம், நகர்த்தினால் போய்விடுகிறதாம். கார்டோடு கறுப்பாக இரண்டு குச்சி கொடுத்தோமே, பின்னால் திருகச் சொன்னோமே, அதுதானே ஆன்டெனா, அது எங்கே என்று கேட்டேன். போனில் பெருமை பொங்கப் பதில் வந்தது.

"அது ஒசத்தியான சாமானாட்ட இருந்துச்சு கண்ணு, தொலைஞ்சு போயிருமுன்னு நகையோட பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கறேன்."

ஸ்பீக்கரிடம் கேட்ட லீவு

அந்த வாரம் கதிரண்ணன் சரியாகவே இல்லை. வைஃபை கார்டு மாட்ட வேண்டிய இடத்தை கிராஃபிக்ஸ் கார்டு மறைத்துவிட்டது தெரியாமல் முழுக் கம்ப்யூட்டரையும் மாட்டி முடித்து, திரும்பக் கழற்றினார். செவ்வாய்க்கிழமை மாமா சாப்பிடப் போனதும் நான் ஹெட்செட்டை எடுத்தேன். "ஆங்… கதிரு. ஏம்ப்பா ஒரு மாதிரி இருக்கறே? எதுனாலும் சொல்லு, என்ன நாஞ்சொல்றது." டீ வாங்கி வரச் சொல்லி, டீ வந்ததும் காபி கேட்பதுதான் என் திட்டம்.

கதிரண்ணன் எழுந்து நின்று ஸ்பீக்கரைப் பார்த்தார். மாமா நேரில் வந்தால் தரையைத்தான் பார்ப்பார். ஸ்பீக்கருக்கு முகம் இல்லாததால் தைரியம் வந்துவிட்டது போல. முழுங்காமல் முழுசாகப் பேசினார். சென்னிமலையில் ஒரு பொண்ணு பார்த்திருக்கிறார்கள். அவருக்கு போட்டோவிலேயே பிடித்துவிட்டது. வேலை இருக்கிறதே, எப்படி லீவு கேட்பது என்று இரண்டு தடவை போகாமல் தள்ளிப் போட்டுவிட்டார். இந்த வெள்ளிக்கிழமையும் வராவிட்டால் வேறு இடத்தில் பேசி முடித்துவிடுவோம் என்று பொண்ணு வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

டீயும் காபியும் எனக்கு மறந்தே போயின. முடியாது என்று சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று ஓட்டை வழியாகத் தெரிந்தது. "போயிட்டு வாப்பா" என்றேன், மாமா குரலில், மாமாவைக் கேட்காமல். அவர் உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"அம்மா, மொதலாளி கேட்ட ஒடனே குடுத்துட்டாரும்மா, வெள்ளிக்கிழமை வாரோமுன்னு சொல்லீருங்க."

இந்தப் பக்கத்துக் குரல்

இப்போது என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கடையில் ஒரு ஆணியைக் கூட எடுத்துக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, நான் லீவு கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் மாமா "கதிரெங்கடா" என்பார். கதிரண்ணன் தட்டில் பூவோடு சென்னிமலையில் நிற்பார். மாமா போன் செய்து பாதியில் கூப்பிட்டால் அந்தக் கல்யாணப் பேச்சு அங்கேயே முறிந்தது.

யோசித்தேன். ஒரு பக்கம் கொடுத்தாகிவிட்டது, இன்னொரு பக்கம் கேட்க வேண்டியதுதான் பாக்கி. புதன்கிழமை கதிரண்ணன் டீ குடிக்கப் போன நேரம், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பெஞ்சு மைக்கைப் பக்கத்தில் இழுத்தேன். முன்னால் மாமா காதில் ஹெட்செட் இருந்தது. "மொதலாளி… அது வந்துங்க… வெள்ளிக்கிழமைங்க… சென்னிமலைக்குங்க… பொண்ணு…" மிச்சத்தை முழுங்கினேன். கதிரண்ணன் குரலில் அதுதான் கஷ்டமான பகுதி.

ஸ்பீக்கரில் மாமாவின் மூச்சு கேட்டது. என் மூச்சு கேட்காமல் பார்த்துக்கொண்டேன். பிறகு, "இதைக் கேக்கறதுக்கா இத்தனை இழுப்பு? போயிட்டு வாப்பா, நல்லபடியா முடியட்டும்" என்றார். சாயங்காலம் அதிசயமாக எழுந்து நடந்து வந்து, "வெள்ளிக்கிழமை நேரமே கெளம்பீரு" என்று கதிரண்ணனிடம் சொன்னார். "சரிங்க மொதலாளி" என்றார் அவர். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. கல்லாவுக்குத் திரும்பிய மாமா என் தோளில் தட்டினார்.

"மாப்ளே, நம்ம கதிருக்கு வாயே இல்லைன்னு நெனச்சனே, கூச்சமில்லாமக் கேட்டுப்போட்டான் பாரு."

ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கம்

புத்திசாலியாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். வியாழக்கிழமை மத்தியானம் மாமா பேங்குக்குப் போனார். ஆணியில் ஹெட்செட் தொங்கியது. சூலூருக்குக் கொடுக்க வேண்டிய கார்டு மட்டும் இன்னும் வந்த பாடில்லை. நான் பக்கத்துக் கடைகளில் எல்லாம் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். கொஞ்சம் சிரித்தால் தேவலை என்று தோன்றியது.

ஹெட்செட்டை மாட்டியதும் காதில் ஒரு சத்தம் வந்தது. சார்ஜ் குறைவு என்று நினைத்தேன். வழக்கமான இடத்தில், தடுப்பை ஒட்டி நின்றேன். "ஆங்… கதிரு. நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறயே, என்ன சட்டை?"

அந்தப் பக்கம் ஒரு கேபினெட் ஓட்டையை மறைத்திருந்தது, கதிரண்ணன் தெரியவில்லை. "நீலச் சட்டைங்க மொதலாளி" என்று பதில் மட்டும் வந்தது.

"நீலமெல்லாம் வேண்டாம்ப்பா. நம்ம கடை பேரு போட்ட டி-சர்ட்டப் போட்டுட்டுப் போ. பொண்ணு ஊட்டுக்காரங்களும் ஒரு கம்ப்யூட்டர் வாங்குனாப்ல ஆச்சு, என்ன நாஞ்சொல்றது."

"சரிங்க மொதலாளி." இந்தத் தடவை கதிரண்ணன் எதையும் முழுங்கவில்லை. "நாளைக்கு நானில்லீங்களே, என்ற பெஞ்சு வேலையெல்லாம் யாருங்க பாக்கறது?"

"அது… பாத்துக்கலாம்ப்பா."

"தம்பியப் பாக்கச் சொல்லீருங்க. சூலூரு டெலிவரிக்கும் இன்னைக்கு அவரே பஸ் ஏறட்டுமுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாத் தட்டமாட்டாரு."

மாமா குரலில் நான் வேறென்ன சொல்ல முடியும்? "சரிப்பா, அனுப்பிச்சுடறேன்" என்றேன்.

தடுப்புக்கு மேலே ஒரு கை வந்தது. கையில், இரண்டு ஆன்டெனாக் குச்சியோடும் தொங்குகிற அந்தச் சின்ன ஒயரோடும், பெஞ்சு கம்ப்யூட்டரின் கார்டு. சூலூர்க்காரருக்குக் கொடுக்க அதைத்தான் கழற்றியிருக்கிறார். கைக்குப் பின்னால் கதிரண்ணனின் முகம் வந்தது, நேராக என்னைப் பார்த்துக்கொண்டு.

"ஏனுங்க மொதலாளி, கார்டு என்ற கையில இருக்குது, நீங்க எதுக்குள்ள இருந்துங்க பேசிட்டிருக்கறீங்க?"

ஆகவே வைஃபை கார்டு வாங்க வரும் எல்லாருக்கும் நான் அனுபவத்தில் சொல்வது, வாய் திறப்பதற்கு முன்னால் அந்தப் பக்கம் கார்டு மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.