அப்பா தவறவிட்ட மூன்று அம்புகள்

எனக்குச் சிறு வயதிலிருந்தே வாய் நீளம். பேச்சுப் போட்டி என்று காதில் விழுந்தால் போதும், தலைப்பு என்னவென்று கேட்பதற்கு முன்பே பெயர் கொடுத்துவிடுவேன். அந்த வாயால் நான் பேசிய ஒரு பேச்சை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அதைப் பேசும்போது எனக்குப் பதினொரு வயது. கைதட்டலும் நிறையவே கிடைத்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். மற்றத் தோட்டங்களில் விஜயதசமி அன்று கோயில் வாசலில் ஒரு வாழை மரத்தை நட்டு, அதை அசுரன் என்று சொல்லி வெட்டிப்போட்டுவிட்டு வடை சாப்பிடப் போய்விடுவார்கள். எங்கள் ஆட்களுக்கு அது போதவில்லை. எங்கள் மாரியம்மன் கோயில் மேட்டில் இருந்தது. கீழே, வரிசை வீடுகளான ஒரு லயத்தை மூன்று தடவை நீட்டி வைத்தால் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில், பந்தடிக்கிற மைதானம். மைதானத்து நடுவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, வட்டத்து நடுவில் மஞ்சள் துணியை விரித்து நாலு மூலையிலும் கல் வைப்பார்கள். கோயில் வாசலில் நின்று அம்பு விட வேண்டும், அது போய் அந்தத் துணியில் குத்த வேண்டும்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். அவ்வளவு தூரத்துக்கு நேராகக் குறி பார்க்க முடியாது. வில்லை வானத்துக்குத் தூக்கி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, மேகத்தைப் பார்த்துத்தான் விட வேண்டும். அம்பு மேலே போய்க் கண்ணுக்கு மறைந்து, எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது தரையில் வந்து குத்தும். விட்டவருக்கு அது எங்கே விழுந்தது என்று தெரியாது. கீழே கொடியோடு நிற்கிறவர் வெள்ளையைத் தூக்கினால் வட்டத்துக்குள், சிவப்பைத் தூக்கினால் வெளியே.

இது வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் ஒன்றுமில்லை. தோட்டத்துத் தலைவரால் தீர்க்க முடியாத சண்டைகளை அம்புக்கு விடுவது எங்கள் வழக்கம். மலையிலிருந்து பீலியில் வடிகிற தண்ணீர் எந்த லயத்துக்கு முதலில், கரகத்தை யார் முன்னால் தூக்குவது, இப்படி. ஆளுக்கு மூன்று அம்பு. துணிக்கு மிகக் கிட்ட யாருடைய அம்பு விழுகிறதோ அவர் பக்கம் அம்மன் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. தோற்றவர் வீட்டுப் பெண்கள் மட்டும் ஒரு வாரத்துக்குப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவலாம்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த வருடம் எங்கள் வீட்டுச் சண்டையே அம்புக்குப் போனது.

லயத்தில் காம்பரா என்கிற ஒரே அறைக்குள் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். அப்பா, அம்மா, நான், என் தம்பிகள் இரண்டு பேர். நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டி, அதற்கு அந்தப் பக்கம் சித்தப்பாவும் சித்தியும். சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. இரண்டு பேருக்கும் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை, ஒரே கல்லில் கத்தியைத் தீட்டிக்கொண்டு போவார்கள். சித்திக்கு முதல் பிள்ளை பிறந்து பதினைந்தாம் நாள் சளி கட்டி இறந்துவிட்டது. கூரைத் தகரம் அவர்கள் பக்கம்தான் ஒழுகும். மறுபடி வயிற்றில் வந்தபோது, ஈரம் ஆகாது என்று சித்தி முன்வாசல் இஸ்தோப்பில் அடுப்பு ஓரமாகச் சுருண்டு படுத்துக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் தனி வீடு கட்டித் தருகிறோம் என்று அரசாங்கத்துப் பட்டியல் வந்தது. ஏழு பேர்ச் அளவு காணி, இரண்டு அறை, கக்கூஸ், தனிக் குழாய். ஆனால் ஒரு காம்பராவுக்கு ஒரு வீடுதான். காம்பராவுக்குள் எத்தனை குடும்பம் என்று பட்டியல் எழுதியவர் கேட்கவில்லை. எங்கள் காம்பராவுக்கு விழுந்த காணி பழைய தேயிலை மலைக்கு அடியில், ரோட்டுக்குப் பக்கத்தில், ஓடைக்கரையில் நல்ல சமதரை. மலைநாட்டில் சமதரை கிடைப்பதென்றால் சும்மாவா? தோட்டமே எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டது.

அம்மாவும் சித்தியும் அதுவரை ஒரே சட்டியில் சோறாக்கியவர்கள். பட்டியல் வந்த மூன்றாம் நாள் அடுப்பு இரண்டாகிவிட்டது. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் இந்தப் பொந்துக்குள் கிடக்கணுமா என்று அம்மா. இந்தப் பிள்ளையையும் நான் மண்ணுக்குள்ள வைக்கணுமா என்று சித்தி. இரண்டும் நியாயம்தான். அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் முன்னைப் போலவே ஒன்றாக வேலைக்குப் போய் ஒன்றாக வந்தார்கள், ஆனால் பேச்சு குறைந்துபோயிருந்தது. கடைசியில் தலைவர்தான் கையை விரித்துவிட்டுச் சொன்னார், “நம்ம கையில ஒன்னும் இல்லப்பா. அம்மன் தீத்து வைக்கட்டும்.”

அம்மா அன்றைக்கே வீட்டுச் சுவருக்கு என்ன நிற மை பூசுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். காரணம் இருந்தது. அப்பா தவறவிட்டு நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சித்தப்பாவுக்கோ வில்லை வளைத்து நாண் பூட்டவே இன்னொரு ஆள் வேண்டும். இதை அம்புக்கு விடுவதும் ஒன்றுதான், அப்பாவிடம் சாவியைக் கொடுப்பதும் ஒன்றுதான் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பாவுக்கும் தெரியும். அம்மன் பேரைச் சொன்ன பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

விஜயதசமி அன்று நான் மற்றப் பிள்ளைகளோடு மைதானத்து ஓரத்தில், தேயிலை மேட்டில் உட்கார்ந்திருந்தேன். மேலே கோயில் வாசலில் ஆட்கள் சிறியதாகத் தெரிந்தார்கள். தப்பு மேளச் சத்தம் மட்டும் காதைப் பிளந்தது. சித்தப்பா முதலில் விட்டார். ஒன்று ஓடைக்குள். இன்னொன்று மாட்டுப்பட்டிக் கூரையில். நாங்கள் சிரித்த சிரிப்பில் கொடிக்காரர் எங்களை விரட்ட வந்தார். மூன்றாவது, அவருக்கே தெரியாமல், துணியிலிருந்து நாலு தப்படியில் வந்து குத்தியது. வட்டத்துக்கு வெளியேதான், கொடிக்காரர் சிவப்பை நாலு தடவை ஆட்டி மேலே காட்டினார். ஆனாலும் சித்தப்பாவுக்கு அது பெரிய காரியம்.

பிறகு அப்பா. முதல் அம்பு, சிவப்புக் கொடி. காற்று மாறியிருக்கும் என்றார்கள். இரண்டாவது, சிவப்புக் கொடி. மேலே தப்பு நின்றுவிட்டது. மூன்றாவது மேகத்துக்குள் போனபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாயே எங்களுக்குத் தனிக் குழாய் வேண்டும் என்று வேண்டினேன். கண்ணைத் திறந்தபோது சிவப்புக் கொடிதான் ஆடிக்கொண்டிருந்தது.

மேட்டிலிருந்து குதித்து ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பாவின் மூன்று அம்பும் துணிக்கு இடப்பக்கம் ஆறு தப்படியில் குத்தி நின்றன. சித்தப்பாவின் அம்பைவிட இரண்டே தப்படி கூடுதல். மூன்றும் ஒரே இடத்தில். என் சின்னக் கையை விரித்து வைத்தால் மூன்றையும் தொட்டிருக்கலாம். கை தவறுகிறவருடைய அம்பு சித்தப்பாவுடையதைப் போல நாலாபக்கமும் சிதறும். கண்ணுக்கு எட்டாத தூரத்திலிருந்து ஒரே சாணுக்குள் மூன்று தடவை தவறவிட, தவறவே தெரியாத ஆளால்தான் முடியும். இது எனக்குப் புரிவதற்கு இருபது வருடம் ஆனது. அன்றைக்கு நான் செய்ததெல்லாம், மூன்றையும் பிடுங்கித் தரையில் எறிந்துவிட்டு ஓவென்று அழுததுதான்.

அம்மா மூன்று மாதம் அப்பாவோடு பேசவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுத் தட்டிடம் பேசுவாள். “வானத்தப் பாத்து விட்டா வீடு வருமா? தட்டே, நீயே கேளு.” அப்பா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்துவிடுவார். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லியிருந்தால் அம்மா சித்தியின் தலைமுடியைப் பிடித்திருப்பாள், சித்தப்பாவும் அந்த வீட்டுக்குள் காலை வைத்திருக்க மாட்டார். அதனால் அப்பா வாயை மூடிக்கொண்டார். அவருடைய குணம் அப்படி.

அடுத்த சித்திரையில் சித்தப்பா குடிபோனார். அதற்கு முன்பே ஆண் குழந்தை பிறந்திருந்தது. பால் காய்ச்சிய அன்று அப்பா அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புது வீட்டின் இரண்டு அறைகளிலும் மாறி மாறி நடந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. எனக்கு வயிறெரிந்தது. சித்தி கொடுத்த பாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குடித்திருக்கலாம்.

அந்த வருடம் ஐப்பசி மழை நிற்கவே இல்லை. ஒரு காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்க வந்தவர்களை, மழைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போங்க என்று திருப்பி அனுப்பினார்கள். சித்தப்பாவும் திரும்பிப் போனார். போகும்போது அப்பாவிடம், “அண்ணே, வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்று கூப்பிட்டாராம். அம்மா கோபிப்பாள் என்று அப்பா போகவில்லை. அரை மணி நேரத்தில் பழைய தேயிலை மலை அப்படியே இறங்கிவிட்டது. அந்தச் சத்தத்தை என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் விரும்பவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தபோது ஓடையும் இல்லை, ரோடும் இல்லை, வீடுகளும் இல்லை. வீடு கட்டுவதற்கு முன் மண் பார்க்க யாரோ வந்து போனார்கள் என்றும் சொன்னார்கள், யாரும் வரவேயில்லை என்றும் சொன்னார்கள். அப்பா கையால் தோண்டினார். மண்வெட்டியைக் கொடுத்தால் வாங்கவில்லை, தம்பிக்கு வெட்டுப்பட்டுவிடும் என்றார். சித்தியும் குழந்தையும் இரண்டாம் நாள் கிடைத்தார்கள். சித்தப்பா கிடைக்கவேயில்லை.

எங்களைப் பாடசாலையில் தங்கவைத்தார்கள். அங்கேதான் அந்தக் கதை பிறந்தது. அப்பாவின் அம்பை அம்மன்தான் திருப்பிவிட்டாள், அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றத்தான் திருப்பினாள் என்று ஒரு கிழவர் சொல்ல, சாயங்காலத்துக்குள் பாடசாலை முழுக்க அதுவே பேச்சு. சித்தியை நினைத்து மாரில் அடித்துக்கொண்டு அழுத அம்மா, அதே மூச்சில் எங்கள் மூன்று பேரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மனைக் கும்பிட்டாள். அப்பாவுக்கு முன்னால் விழுந்து, தட்டிடம் பேசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாள். யார் யாரோ வந்து அப்பாவின் வலது கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். அவர் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. என்ன சொல்வார்? அம்மன் இல்லை, நான்தான் என் தம்பியை அங்கே அனுப்பினேன் என்றா?

ஒரு வருடம் கழித்து இறந்தவர்களுக்குப் பாடசாலையில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். யாரைப் பேசவிடுவது என்று வந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எங்கள் டீச்சர் என் தோளில் கை வைத்தார். “நீ வடிவாக் கதைப்பாய் பிள்ளை. உங்கட கதையை நீயே சொல்லு.” எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரம் மனப்பாடம் செய்தேன். எங்கே குரலை உயர்த்துவது, எங்கே நிறுத்துவது என்றெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் பார்த்து வைத்துக்கொண்டேன்.

மேடையில் நான் பிய்த்து உதறிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். தப்பு நின்றதைச் சொன்னேன். சிவப்புக் கொடி மூன்று தடவை எழுந்ததைச் சொன்னேன். “அன்று என் தந்தையின் அம்பு தவறியது. அதனால்தான் இன்று நான் உங்கள் முன் நிற்கிறேன். அம்மன் தவறவைத்தாள்!” என்று கையை உயர்த்தி முடித்தபோது, பெண்கள் அழுதார்கள், ஆண்கள் கைதட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வெளியே போனார். பரிசாக ஒரு சாப்பாட்டுப் பெட்டி தந்தார்கள். அதை வாங்குவதை அவர் பார்க்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேடிப் போனேன். பாடசாலைக்குப் பின்னால், கைகழுவும் குழாயடியில் குந்தியிருந்தார். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் அழுதுகொண்டிருந்தார்.

“ஏப்பா, நான் நல்லா பேசலயா?”

“நல்லாத்தாம்மா பேசுன” என்றார்.

சொல்லிவிட்டு மேலும் அழுதார். தம்பி ஞாபகம் வந்துவிட்டது, பாவம் என்று நினைத்தேன். அவரைத் தேற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

“அழாதீங்கப்பா. நீங்க சரியா விட்டிருந்தா சித்தப்பா பொழச்சிருப்பாரு, நாமதான் செத்திருப்போம்.”

அப்பா சட்டென்று என் வாயைப் பொத்தினார். ஈரக் கை. மூச்சு முட்டியது, அவர் எடுக்கவில்லை. நல்லதைத்தானே சொன்னேன், அதற்கு ஏன் இப்படி வலிக்க வலிக்க அழுத்துகிறார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. திமிறி விடுவித்துக்கொண்டு, பரிசைக்கூட அவரிடம் காட்டாமல் அம்மாவைத் தேடி ஓடிவிட்டேன்.