வழி விட்டது கிரிவலக் கூட்டம்

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம். எல்லோரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நடக்க, நான் மட்டும் ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி திணறிக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் வேளாண்மை ஆராய்ச்சி மாணவி. பூச்சிமருந்து அடித்த கொய்யாவில் நாளாக நாளாக அந்த மருந்து எவ்வளவு குறைகிறது என்று அளப்பதுதான் என் வேலை. அடி அண்ணாமலையில் ஒரு விவசாயக் குடும்பம் சில மரங்களை எனக்காக ஒதுக்கியிருந்தது. குறித்த நாளில் பழம் பறித்து, ஐஸில் வைத்து, வேலூர் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் எல்லாம் முதலிலிருந்து. அப்படி ஒரு நாள், சரியாகத் தீபத்தன்று வந்து தொலைத்தது.

பஸ்கள் ஊருக்கு வெளியே வேலூர் ரோட்டிலேயே நின்றுவிட்டன. கிரிவலக் கூட்டமோ நகரவே இல்லை. ஐஸ் உருகிப் புடவையில் சொட்டியது. எனக்கு அழுகை முட்டியது.

மூடி லேசாக விலகியிருக்க, பக்கத்தில் வந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"கொய்யாவா? ஒண்ணு குடும்மா, பசிக்குது."

"ஐயோ, தொடாதீங்க! மருந்துங்க, மருந்து!" என்று அலறிவிட்டேன்.

அவருடைய கணவர் காதில் அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. "இன்னாம்மா, முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு மருந்து போவுது, வழி வுடுங்க!"

நான் "இல்லீங்க..." என்றது யாருக்குக் கேட்கும்? கூட்டம் ஒதுங்கியது. யாரோ "அரோகரா!" என்று குரல் கொடுக்க, ஊரே திருப்பிச் சொன்னது. பெட்டி முன்னால் ஓட, பின்னால் நான், எனக்குப் பின்னால் மூச்சிரைக்க அந்த அம்மா. ஒரு சோடாக் கடைக்காரர் ஓடிவந்து ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டிக்குள் போட்டார். வேலூர் ரோட்டில் புறப்பட்ட பஸ்ஸைத் தட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னல் வழியே உண்மையைச் சொன்னேன். "இது பூச்சிமருந்து அடிச்ச பழங்க. எத்தனை நாள் கழிச்சு தின்னா கெடுதல் இல்லைனு பார்க்கத்தான் எடுத்துட்டுப் போறேன்."

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லவேளை, நான் தின்னல!"

அவருடைய கணவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க புள்ளைங்க தின்னுற பழம்தானேம்மா? நல்லா பார்த்துச் சொல்லு. போய்ட்டு வா."

பஸ் கிளம்பிய பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது, அன்றைய பழங்களில் மருந்து வெகுவாகக் குறைந்திருந்தது. அதுவரை பட்டத்துக்காக மட்டுமே அளந்துகொண்டிருந்த நான், யாருடைய பிள்ளைகளுக்காக அளக்கிறேன் என்பதை அந்தத் தம்பதியின் முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.