முடிவு பார்க்காமல் இறங்கிய இந்திப் படம்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து விடிந்ததும் புறப்பட்டேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஹல்துமுல்லைக்கு இதுவரை யாரும் போய் வந்ததில்லை. அதனால் போன வழியையும் வந்த வழியையும் உள்ளபடி சொல்கிறேன்.

என் மகள் சாந்தி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மருமகன் நுவன் சிங்களப் பிள்ளை. என்னைக் கேட்காமல் நடந்த கல்யாணம். அன்றைக்குப் பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்க நின்ற எல்லோர் காதிலும் விழும்படி, "அவ மாமியா வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் நான். சொன்ன சொல்லை மாற்றிப் பழக்கமில்லை. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். "வளையல் போட நீதாம்மா வரணும். வந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போ, எனக்கு அது போதும்" என்று போனில் அழுதாள். வளையல் போடுவது தாயின் முறை. அதனால் போவது, சாப்பிடாமல் திரும்புவது என்று தீர்மானித்தேன். புளிச்சோறு அவளுக்கு. தேங்காய் ரொட்டி இரண்டும் ஒரு போத்தல் தண்ணீரும் எனக்கு என்று கட்டிக்கொண்டேன்.

பதுளையில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு கொழும்பு பஸ்ஸில் ஏறினேன். எட்டேகாலுக்கு எடுத்தார்கள். ஹல்துமுல்லை ஐம்பது கிலோமீட்டர் இருக்கும் என்றான் கண்டக்டர். டிரைவர் தலைக்கு மேலே ஒரு டிவி. ஹாலிஎல தாண்டுவதற்குள் இந்திப் படம் போட்டுவிட்டார்கள். ஒருவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பத்துப் பேரை அடித்தான். அடிபட்டவர்கள் ஆகாயத்துக்குப் போய்ச் சுற்றிவிட்டு ஆற அமர விழுந்தார்கள்.

"ஏன் தம்பி, தமிழ்ப் படம் இல்லியா?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"தமிழ் போட்டா சிங்கள ஆளுங்க ஏன்னு கேப்பாங்க, சிங்களம் போட்டா நீங்க கேப்பீங்க ஆச்சி. இந்தி போட்டா யாருக்கும் விளங்காது, பஸ்ஸுல சத்தமே இல்ல!"

சத்தம் இல்லை என்று அவன் சொன்னதுதான் பொய். தெமோதரை வளைவுகளில் வாந்தி எடுக்கப் பையைக் கையில் பிடித்திருந்த அம்மாவும், தொப்பி போட்ட துணி வியாபாரியும், எல்ல சந்தியில் ஏறிய வெள்ளைக்காரப் பெண்ணும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றார்கள். படத்தில் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரனுடைய தாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பாஷை யாருக்கும் தெரியாது. ஆனால் தாயைத் தூக்கினால் எந்த ஊரிலும் வயிறு எரியும்தானே.

பண்டாரவளையில் கூட்டம் மாறியது. அப்புத்தளையில் மூடுபனி கண்ணாடியில் அப்பியது. வெளியே ஒன்றும் தெரியவில்லை, யாரும் பார்க்கவுமில்லை. பெரகலை தாண்டிப் பனி விலகி, கீழ்நாடு நெடுகத் திறந்து கிடந்தது. நானோ டிவியைத்தான் பார்த்திருந்தேன். தாயைத் தூணில் கட்டிச் சுற்றிலும் தீ வைத்துவிட்டார்கள். அவன் மோட்டார் சைக்கிளோடு மதிலுக்கு மேலே பறக்கிறான். அந்த நேரத்தில் பஸ் நின்றது.

"ஹல்துமுல்ல! ஆச்சி, எறங்குங்க."

"அந்தப் புள்ள தாயக் காப்பாத்துறானா இல்லியா? அத மொதல்ல சொல்லு."

"சொல்லிட்டா அடுத்த தடவ என் பஸ்ஸுல ஏற மாட்டீங்களே!"

பஸ் முழுக்கச் சிரித்தது. முடிவு தெரியாமலே இறங்கினேன்.

பத்தரை மணி இருக்கும். நுவனின் வீடு ரோட்டுக்குக் கீழே, மிளகுக் கொடிகளுக்கு நடுவில். சாந்தியும் நுவனும் கிளினிக்கிலிருந்து இன்னும் வரவில்லை. சம்பந்தி சோமாவதி மட்டும் இருந்தார். என் வயதுதான், உடம்பு மட்டும் என்னைவிடச் சுறுசுறுப்பு. "வாடிவென்ன, அம்மே" என்று உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தையில் காய்கறி வாங்கும் அளவுக்கு. அவருக்குத் தெரிந்த தமிழ், "வாங்க, சாப்புடுங்க." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். தேத்தண்ணி வந்தது, ஆறியது. கிரிபத், அதாவது பாற்சோறு, தட்டில் வெட்டி வைத்து நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் முகம் வாடியது. தட்டைப் பிடித்தபடியே நின்றார்.

அப்படி நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "பஸ்... இந்தி பில்ம்" என்றேன். கண்ணாடி மாட்டுகிற மாதிரி காட்டினேன். கையைப் பின்னால் கட்டி, சுற்றிலும் தீ எரிவதாகக் காட்டினேன்.

"ஆ! ஆ!" என்று துள்ளினார். அவரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். தட்டை மேசையில் வைத்தார், தோளில் கிடந்த துவாயால் தன்னைக் கதவு நிலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார், "புத்தே!" என்று அலறினார். மகனே என்று கூப்பிடுகிறார். பிறகு கட்டை அவிழ்த்துவிட்டு அகப்பையை எடுத்து அவனாக மாறினார். வில்லன் அரிசி மூட்டை. டிஷ்யூம், டிஷ்யூம். நான் என்னை மறந்து, "விடாத, இன்னொண்ணு போடு!" என்று கத்தினேன். மூட்டை சரிந்தது. இப்போது என் முறை என்று கையைப் பிடித்து எழுப்பினார். நான் மகன், அவர் தாய். என் நெற்றி வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். தட்டிலிருந்து பாற்சோற்றைக் கிள்ளிக் காரச் சம்பலில் தொட்டு, "மகே புத்தே", என் மகனே, என்று வாய்க்கு நேரே நீட்டினார். படத்தின் முடிவு அதுவாம். தாய் மகனுக்கு ஊட்டுவது.

வாயைத் திறந்தேன். விழுங்கிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

வாசலில் சாந்தி. வயிற்றில் ஒரு கை, மறுகை நிலையில். பின்னால் நுவன் குடையோடு. என் உதட்டில் ஒட்டியிருந்த சோற்றையே பார்த்தாள்.

"அம்மா... சாப்புட்டியா?"

"நான் எங்கடி சாப்புட்டேன்? அது படத்துல வந்துச்சு."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். சோமாவதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னொரு வாய் நீட்டினார். இந்த முறை அவருக்குச் சிரமம் வைக்காமல் தட்டை நானே வாங்கி, கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். என் ரொட்டியை அவர் பிய்த்துச் சம்பலோடு தின்றார். பிறகு மகளுக்கு வளையல் போட்டேன். இரண்டு வளையல் சம்பந்திக்கும் போட்டுவிட்டேன். அகப்பை பிடித்த அந்தக் கைக்குப் பச்சைதான் பொருத்தமாக இருந்தது.

நான்கு மணிக்குக் கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். மடியில் சம்பந்தி புதிதாக ஆக்கி வாழையிலையில் கட்டிய பாற்சோறு, இன்னும் சூடு. இங்கேயும் டிவி. வேறு படம், வேறு ஆள், ஆனால் தாயைத் தூணில் கட்டியாகிவிட்டது. பக்கத்தில் இருந்த அப்புத்தளைப் பொம்பளை சேலை முனையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாத தாயி" என்றேன். "வந்துருவான். வந்து அவ கையால சாப்புட்டுட்டுத்தான் போவான்."

நாளைக் காலையில் பொட்டலத்தோடு பீலிக்கரைக்குப் போவேன். அன்றைக்கு என் சொல்லைக் கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுக்க வேண்டும். சம்பந்தி வீட்டுச் சோறு என்று சத்தமாகச் சொல்லித்தான் கொடுப்பேன்.